அதே பாட்டு, அதே குரல், புது ரெக்கோர்டிங்



போன எபிசோட்டில் ஸ்ட்ரீமிங் காசு எப்படிப் பிரியுது எண்டு கதைச்சுக்கொண்டு இருக்கேக்க ஒரு கேள்வி வந்தது: தான் எழுதித் தானே பாடின பாட்டை ஒராள் ஏன் திரும்பவும் பாடிப் பதிய வேணும்? ரெண்டு நிமிசத்தில் சொல்லி முடிக்கிற விசயம் இல்லை. அதுதான் இங்கே எழுதுறன்.

டெய்லர் ஸ்விஃப்ட் கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால் அவவை விட 44 வயது மூத்த ஒரு ரொக் பாடகரை எடுப்போம். பெயர் ஜோன் ஃபோகர்ட்டி. 2025 ஓகஸ்ட் 22 அன்று 'லெகசி' என்ற அல்பத்தை வெளியிட்டார். அதில் 20 பாட்டு. ஒண்டுகூடப் புதுசு இல்லை. எல்லாமே 50 வருசத்துக்கு முதல் கிறீடென்ஸ் கிளியர்வோட்டர் ரிவைவல் என்ற குழுவில் அவர் பாடினவை. ஒவ்வொரு பாட்டின் பெயருக்குப் பக்கத்திலும் 'ஜோன்ஸ் வேர்ஷன்' எண்டு போட்டிருக்கு. அந்த வருசம் மே மாதம்தான் அவருக்கு 80 வயது ஆனது.

குழுவின் பெயர் தெரியாட்டியும் பாட்டுத் தெரிஞ்சிருக்கும். 'ஃபோர்ச்சுனேட் சன்' அவர்களுடையதுதான். வியட்நாம் யுத்தப் படத்தில் ஹெலிகொப்டர் வந்தால் கூடவே அந்தப் பாட்டும் வரும் எண்டு பகிடி பண்ணுவினம். 'ஃபொரெஸ்ட் கம்ப்' படத்திலும் இருக்கு. 'ப்ரவுட் மேரி', 'பேட் மூன் ரைசிங்', 'ஹாவ் யூ எவர் சீன் த ரெய்ன்' எல்லாம் அவர் எழுதினதுதான்.

அப்ப ஏன் திரும்பப் பாடினார்? இது விளங்க, முதல் ஒரு அடிப்படை விசயம் விளங்க வேணும்.

ஒரு பாட்டில் ரெண்டு சொத்து

நாங்கள் 'பாட்டு' எண்டு ஒரே சொல்லால் சொல்லுறது சட்டத்தில் ரெண்டு தனித்தனிச் சொத்து.

முதலாவது, எழுதப்பட்ட பாட்டு. அதாவது மெட்டும் வரிகளும். இதைப் பார்த்துக்கொள்ளுற தொழிலுக்குப் பெயர் பப்ளிஷிங். ரெண்டாவது, ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட ஸ்டூடியோவில், குறிப்பிட்ட ஆட்கள் வாசிச்சுப் பதிஞ்ச ஒலி. இதைத்தான் மாஸ்டர் எண்டு சொல்லுவினம். வழமையாக இது லேபலிடம் இருக்கும்.

கொம்பியூட்டர் பக்கத்து ஆட்களுக்கு இப்படிச் சொல்லலாம்: முதலாவது சோர்ஸ் கோட், ரெண்டாவது அதில் இருந்து வந்த ஒரு பில்ட். ஒரே கோட்டில் இருந்து எத்தனை பில்டும் வரலாம். ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் வேறையாக இருக்கலாம்.

டேட்டாபேஸிலும் இது இப்படித்தான் கிடக்கு. எழுதின பாட்டுக்கு ஐஎஸ்டபிள்யூசி எண்டு ஒரு அடையாள எண். ரெக்கோர்டிங்குக்கு ஐஎஸ்ஆர்சி எண்டு 12 எழுத்து, இலக்கம் கொண்ட இன்னொரு எண். 1971இல் ஐக்கும் டீனா டேர்னரும் பாடின 'ப்ரவுட் மேரி'யும், 1969இல் வந்த ஃபோகர்ட்டியின் 'ப்ரவுட் மேரி'யும் ஒரே பாட்டு. ஆனால் ரெண்டு ரெக்கோர்டிங். நீங்கள் ஒருக்கா பிளே அமத்தினால் ரெண்டு பக்கத்துக்கும் காசு போகும். ஆனால் சமமாக இல்லை. ஸ்ட்ரீமிங்கில் ரெக்கோர்டிங் பக்கத்துக்குப் போறது, எழுதின பக்கத்துக்குப் போறதை விட மூன்று மடங்குக்கும் மேல்.

எங்கட வீடுகளில் இது பெரிய வாக்குவாதமாக வந்தது 2017இல். எஸ்.பி. பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டு இருக்கேக்க, இளையராஜாவின் பாட்டுகளை அனுமதியில்லாமல் மேடையில் பாடக் கூடாது எண்டு வக்கீல் நோட்டீஸ் வந்ததாக ஃபேஸ்புக்கில் எழுதினார். "அவர் பாடின பாட்டை அவரே பாடக் கூடாதோ?" எண்டு பாதிப்பேர் கொதிச்சினம். "மெட்டுப் போட்டவருக்கு உரிமை இல்லையோ?" எண்டு மற்றப் பாதி. யார் சரி எண்டுறதை விடுங்கோ. அங்கே பழைய ரெக்கோர்டிங் எதுவும் பிரச்சினையே இல்லை. மேடையில் புதுசாகப் பாடுறது முதலாவது சொத்தைத்தான் தொடுது. குரல் ஒருவருடையது, எழுதின பாட்டு இன்னொருவருடையது. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்காட்டி இந்தச் சண்டைகள் ஒண்டும் விளங்காது.

ரெண்டும் கையை விட்டுப் போன கதை

ஃபோகர்ட்டியிடம் இந்த ரெண்டு சொத்தும் இல்லாமல் இருந்தது. அதுதான் இந்தக் கதையில் நோகிற இடம்.

கலிஃபோர்னியாவில் எல் செரிட்டோ என்ற ஊர். ஜோன் ஃபோகர்ட்டி, ஸ்டூ குக், டக் கிளிஃபர்ட் மூன்று பேரும் பள்ளிக்கூடச் சினேகிதர். ஜோனின் அண்ணன் டொம்மும் சேர, நாலு பேர் குழு. 1964இல் ஃபான்டசி என்ற சின்ன லேபலுடன் ஒப்பந்தம் போட்டினம். பிறகு 1967இல் சோல் சான்ட்ஸ் என்பவர் மற்றவர்களுடன் சேர்ந்து அந்தக் கம்பனியை வாங்கினார். பின்னாளில் 'அமதேயுஸ்', 'த இங்கிலிஷ் பேஷன்ட்' படங்களுக்கு ஒஸ்கார் வாங்கின அதே தயாரிப்பாளர்தான்.

1969 என்ற ஒரே வருசத்தில் இந்த நாலு பேரும் மூன்று அல்பம் வெளியிட்டினம். அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் ஐந்து பாட்டு ரெண்டாம் இடம் வரைக்கும் போனது. முதலாம் இடம் ஒருநாளும் கிடைக்கவில்லை. கிட்டத்தட்ட எல்லா ஹிட்டையும் எழுதினது ஜோன். ஆனால் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி மாஸ்டரும் பப்ளிஷிங்கும் கம்பனிக்கு. அதோடு இன்னும் எத்தனையோ பாட்டுப் பதிஞ்சு குடுக்கிற கடமையும் இருந்தது. 1971இல் டொம் விலகினார். 1972இல் குழுவே உடைஞ்சுது. ஒப்பந்தம் மட்டும் உடையேல்லை.

அதில் இருந்து வெளியே வர ஜோன் குடுத்த விலை, பழைய ரெக்கோர்டிங்குகளில் தனக்கு வர வேண்டிய ரோயல்ட்டி. தன் பாட்டு ரேடியோவில் போகப் போக, அது தனக்குச் சொந்தமில்லை எண்ட நினைப்பும் கூடவே வரும். கனகாலம் அந்தப் பாட்டுகளை மேடையில் பாடவே மாட்டன் எண்டு இருந்தார்.

1985இல் வேறு கம்பனியில் ஒரு அல்பம் வெளியிட்டு நல்லா ஓடினது. உடனே வழக்கு. அதில் இருந்த 'தி ஓல்ட் மான் டவுன் த ரோட்' என்ற பாட்டு, கிறீடென்ஸின் 'ரன் த்ரூ த ஜங்கிள்' மாதிரி இருக்காம். பழைய பாட்டையும் எழுதினது அவர்தான், புதுசையும் எழுதினது அவர்தான். ஆனால் பழைய பாட்டின் உரிமை ஃபான்டசியிடம். அதாவது, ஒராள் தன்னைத் தானே கொப்பியடிச்சதாக வழக்கு. ஃபோகர்ட்டி கிட்டாரோட சாட்சிக் கூண்டில் ஏறி, தான் எப்படிப் பாட்டு எழுதுறனான் எண்டு வாசிச்சுக் காட்டினார். 1988இல் ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வக்கீல் செலவை யார் குடுக்கிறது என்ற கேள்வி மட்டும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1994இல் அதிலும் வென்றார். கொப்பிரைட் வழக்குகளில் வெல்லுற பிரதிவாதிக்கும் வழக்காளிக்கும் செலவு விசயத்தில் ஒரே அளவுகோல்தான் எண்டு அந்தத் தீர்ப்புச் சொல்லுது. சட்டம் படிக்கிறவை இண்டைக்கும் அதைப் படிக்கினம்.

காசு மட்டும் இல்லை. சொத்து இல்லாட்டிச் சொல்லும் எடுபடாது. 2000களின் தொடக்கத்தில் 'ஃபோர்ச்சுனேட் சன்' ஒரு ஜீன்ஸ் விளம்பரத்தில் வந்தது. பணக்காரப் பிள்ளைகள் யுத்தத்துக்குப் போகாமல் தப்புறதைத் திட்டி எழுதின பாட்டு அது. அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நிப்பாட்ட அவரிடம் உரிமை இல்லை.

2004இல் கொன்கோர்ட் என்ற கம்பனி ஃபான்டசியை வாங்கி, அவர் விட்டுக் குடுத்த ரோயல்ட்டியைத் திரும்பக் குடுக்கத் தொடங்கினது. 2023 ஜனவரியில், கிறீடென்ஸ் பாட்டுகளின் உலகளாவிய பப்ளிஷிங் உரிமையில் பெரும்பான்மைப் பங்கை ஃபோகர்ட்டி கொன்கோர்ட்டிடம் இருந்து வாங்கினார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு சோர்ஸ் கோட் திரும்பக் கையில். பழைய பில்ட், அதாவது மாஸ்டர், இன்னும் கொன்கோர்ட்டிடம்தான். 'லெகசி' அல்பத்தை வெளியிட்டதும் அதே கொன்கோர்ட் எண்டதைக் கவனிச்சுக்கொள்ளுங்கோ. இது பழிவாங்கல் இல்லை. பாட்டுத் திரும்பக் கிடைச்ச சந்தோசத்துக்கு, மகன்மார் ஷேனும் டைலரும் கூட நிற்க, திரும்பவும் பாடினது.

திரும்பப் பதியிறது களவு இல்லையா?

இல்லை. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 114ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்லுது. ரெக்கோர்டிங்கின் உரிமை, அந்தப் பதிவில் இருக்கிற ஒலிக்கு மட்டும்தான். வேறு ஆட்கள் புதுசாக வாசிச்சு அதே மாதிரி ஒரு ஒலியை உண்டாக்கினால், அது எவ்வளவு ஒத்துப்போனாலும் பழைய ரெக்கோர்டிங்கின் உரிமையை மீறுறது இல்லை. டேப்பைத் தொடாத வரைக்கும் பிரச்சினை இல்லை. எழுதின பாட்டுக்குத்தான் அனுமதியும் காசும் வேணும். அந்தப் பக்கம் இப்ப ஃபோகர்ட்டியின் கையிலேயே பெரும்பங்கு இருக்கு.

ஆனால் லேபல்களும் சும்மா இருக்கேல்லை. பாடகர் கையெழுத்துப் போடுற ஒப்பந்தத்தில் 'இத்தனை வருசத்துக்கு இந்தப் பாட்டைத் திரும்பப் பதியக் கூடாது' எண்டு ஒரு பிரிவு இருக்கும். வழமையாக, வெளியாகி ஐந்து வருசம் அல்லது ஒப்பந்தம் முடிஞ்சு ரெண்டு வருசம், எது பிந்தி வருதோ அது. ஸ்விஃப்ட் தன் அல்பங்களைத் திரும்பப் பதிஞ்சு 2021இல் இருந்து வெளியிடத் தொடங்கின பிறகு, அந்தத் தடையைப் பத்து வருசத்துக்கும் மேலாக நீட்டப் பெரிய லேபல்கள் பார்க்கினம்.

சொஃப்ட்வெயாரில் இதுக்கு நல்ல உதாரணம் மரியாடிபி. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸை உருவாக்கினவர்களில் ஒருவர் மொன்டி விடேனியஸ். அந்தக் கம்பனியை 2008இல் சன் வாங்கினது. சன்னை ஒராக்கிள் வாங்கப் போகுது எண்டு 2009இல் தெரிய வர, மொன்டி அதே கோட்டைப் பிரிச்சு எடுத்து மரியாடிபி எண்டு புதுசாகத் தொடங்கினார். கோட் திறந்த லைசன்ஸில் இருந்ததால் அது முடிஞ்சுது. மைஎஸ்கியூஎல் எண்ட பெயர் மட்டும் அவருக்கு இல்லை. ஃபோகர்ட்டியும் அப்படித்தான். பாட்டைத் திரும்பப் பாடலாம். அட்டையில் பாடகர் பெயராகக் குழுவின் பெயரைப் போட ஏலாது. அதனால்தான் 'ஜோன்ஸ் வேர்ஷன்'.

காதுக்கு ஒண்டு, மெஷினுக்கு ரெண்டு

திரும்பப் பதிஞ்சதைக் கேட்டால் உங்கட அப்பாவுக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம். உங்கட ஃபோனுக்குத் தெரியும்.

ஷஸாம் மாதிரியான செயலி மெட்டைக் கேட்டுப் பாட்டைக் கண்டுபிடிக்கிறதில்லை. ஒலியை நேரமும் அதிர்வெண்ணும் கொண்ட ஒரு படமாக்கி, அதில் பலமாக இருக்கிற உச்சப் புள்ளிகளை மட்டும் எடுக்கும். அவற்றைச் சோடி சோடியாகச் சேர்த்து, ரெண்டு அதிர்வெண்ணையும் இடையில் உள்ள நேரத்தையும் ஒரு ஹாஷ் ஆக்கும். வானத்தில் நட்சத்திரங்களின் இடைவெளியை வைச்சு எந்த மண்டலம் எண்டு கண்டுபிடிக்கிற மாதிரி. ட்ரம் அடி சில மில்லிசெக்கன் தள்ளிப் போனாலே இடைவெளிகள் மாறும், ஹாஷ் மாறும். அதனால் அதே பாடகர், அதே வேகம், அதே சுருதி எண்டாலும் மெஷினுக்கு இது வேறு ரெக்கோர்டிங். ரெண்டின் காசும் கலக்காமல் இருக்க இது உதவுது.

மனிசக் காதை ஏமாத்துறது வேறு விதமான வேலை. 2012இல் பிரிட்டிஷ் ரொக் குழு டெஃப் லெப்பர்ட், டிஜிட்டல் காசு விசயத்தில் தங்கட லேபலுடன் முரண்பட்டு, பழைய ஹிட்டுகள் சிலதை அச்சு அசலாகத் திரும்பப் பதிஞ்சினம். பாடகர் ஜோ எலியட் அதைக் 'கள்ளப் பிரதி' எண்டு தானே பகிடியாகச் சொன்னார். இருபது வயதுக் குரலை ஐம்பது வயதுத் தொண்டையில் கொண்டுவாறது லேசு இல்லை. கடைசியில் லேபலுடன் உடன்பாடு வந்து, 2018இல் அவர்களின் பழைய ரெக்கோர்டிங்குகளே ஸ்ட்ரீமிங்குக்கு வந்தது. ஸ்விஃப்டும் 2025 மேயில் தன் பழைய மாஸ்டர்களை வாங்கிவிட்டார். திரும்பப் பதியிறது சில நேரம் பேரம் பேசுற ஆயுதமும்கூட.

எது டீஃபோல்ட்டோ அதுதான் வெல்லும்

புது ரெக்கோர்டிங் பூச்சியத்தில் இருந்து தொடங்குது. பழையதுக்கு எத்தனையோ கோடி பிளே, ஆட்களின் பிளேலிஸ்ட்டுகள், சேமிச்சு வைச்ச லைப்ரரிகள் எல்லாம் ஏற்கனவே இருக்கு. எல்லாம் பழைய ட்ராக்கின் ஐடியுடன் கட்டுப்பட்டது. பரிந்துரை செய்யிற அல்கொரிதமும் முந்திக் கேட்டதைப் பார்த்துத்தான் படிக்குது. தேடினால் மேலே வாறது பழையது. ஒரு சொட்டுக் கள்ளமும் இல்லாமலேயே பழையது வென்றுகொண்டே இருக்கும்.

மரியாடிபியும் நல்ல கோட் எண்டதால் மட்டும் பரவேல்லை. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7, பிறகு டெபியன் 9 ஆகியவை அதை டீஃபோல்ட்டாக வைச்சதும்தான் ஆட்கள் யோசிக்காமலே அதை நிறுவத் தொடங்கிச்சினம். பாட்டில் அந்த வேலையைச் செய்யிறவை ரேடியோக்காரரும், பிளேலிஸ்ட் தொகுக்கிறவையும், படத்துக்குப் பாட்டுத் தெரிவு செய்யிறவையும். 2021இல் அமெரிக்காவின் ஐஹார்ட்ரேடியோ, ஸ்விஃப்டின் புது ரெக்கோர்டிங்குகள் வர வர இனி அவற்றைத்தான் போடுவம் எண்டு அறிவிச்சது. அது ஒரு டீஃபோல்ட் மாற்றம்.

படத்துக்கோ விளம்பரத்துக்கோ பாட்டு வேணும் எண்டால் ரெண்டு சொத்துக்கும் அனுமதி வேணும். எழுதின பாட்டின் உரிமையில் சொல் எடுபடுகிற ஆள் "எனக்கு இந்த விளம்பரம் பிடிக்கேல்லை" எண்டால், மாஸ்டர் வைச்சிருக்கிறவருக்கு மட்டும் சம்மதம் இருந்து பிரயோசனம் இல்லை. ஃபோகர்ட்டிக்கு அந்த ஜீன்ஸ் விளம்பர நேரத்தில் இல்லாதது இதுதான்.

மற்ற மூன்று பேர்

இந்தக் கதையை 'கம்பனி கெட்டது, பாடகர் நல்லவர்' எண்டு முடிச்சால் சுகமாக இருக்கும். ஆனால் கிறீடென்ஸ் ஒராள் இல்லை.

பழைய ரெக்கோர்டிங்கில் ஸ்டூ குக்கின் பேஸும், டக் கிளிஃபர்ட்டின் ட்ரம்மும், டொம்மின் கிட்டாரும் இருக்கு. புதுசில் இல்லை. நீங்கள் பழையதை விட்டிட்டுப் புதுசைக் கேட்டால், அந்த அளவுக்கு அவர்கள் வாசிச்சது கேட்கப்படாமல் போகுது. டொம் 1990இல் இறந்துவிட்டார். அண்ணனும் தம்பியும் சரியாகச் சமாதானம் ஆகவே இல்லை. 1993இல் ரொக் அண்ட் ரோல் ஹோல் ஒஃப் ஃபேமில் குழுவைச் சேர்த்த இரவு, குக்கோடையும் கிளிஃபர்ட்டோடையும் சேர்ந்து வாசிக்க ஜோன் மறுத்தார். 1995இல் அவர்கள் ரெண்டு பேரும் 'கிறீடென்ஸ் கிளியர்வோட்டர் ரிவிசிட்டட்' எண்டு கச்சேரி செய்யத் தொடங்க, பெயரைப் பாவிக்கக் கூடாது எண்டு ஜோன் வழக்குப் போட்டார்.

எழுதினது ஜோன்தான், சந்தேகமில்லை. ஆனால் 1969இல் ஒரு அறைக்குள் நாலு பேர் சேர்ந்து எழுப்பின அந்தச் சத்தம் யாருடையது? ஐஎஸ்டபிள்யூசிக்கு அது தெரியாது. ட்ரம்மர் எப்படி அடிச்சார் எண்டதை எழுதி வைக்க அங்கே ஒரு இடமும் இல்லை. அது இருக்கிற ஒரே இடம் பழைய ரெக்கோர்டிங். நான் ரெண்டையும் கேட்கிறன். ஜோனுக்குப் போக வேண்டியதும் போகட்டும், மற்ற மூன்று பேரின் வாசிப்பும் காதில் இருக்கட்டும்.

உங்களுக்கு இதில் என்ன?

உங்களில் சிலர் பீட் செய்யிறீங்கள். சிலர் அரங்கேற்றத்துக்கு மிருதங்கம் வாசிச்சுப் பதிஞ்சு குடுக்கிறீங்கள். நிறையப் பேர் கோட் எழுதிறீங்கள். எல்லாருக்கும் ஒரு நாள் ஒரு பிடிஎஃப் வரும், கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி. ஃபோகர்ட்டி கையெழுத்துப் போடேக்க அவருக்கு இருபது வயதுகூட ஆகேல்லை.

அந்த பிடிஎஃப்பில் மூன்று விசயம் தேடுங்கோ. ஒண்டு: நீங்கள் குடுக்கிறது உரிமையையா, பாவிக்கிற அனுமதியையா? 'அசைன்' எண்டு இருந்தால் விற்கிறீங்கள். 'லைசன்ஸ்' எண்டு இருந்தால் வாடகைக்குக் குடுக்கிறீங்கள். ரெண்டு: எழுதினதும் பதிஞ்சதும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கா, இல்லாட்டி ஒரே வசனத்தில் ரெண்டும் போகுதா? மூன்று: அது எப்ப முடியுது, முடிஞ்ச பிறகு நீங்கள் அதே வேலையைத் திரும்பச் செய்யலாமா?

என்னை மாதிரி கொன்ட்ராக்டராக வேலை செய்யிறவைக்கு இது தினசரி விசயம். நிரந்தர வேலையில் இருக்கிறவர் வேலைக்காக எழுதுற கோட், பொதுவாகச் சட்டப்படியே முதலாளிக்குச் சொந்தம். கொன்ட்ராக்டர் எழுதினது, ஒப்பந்தத்தில் எழுதிக் குடுத்தால்தான் மற்றவருக்குப் போகும். அதனால்தான் எங்கட ஒப்பந்தங்கள் எல்லாத்திலும் அந்த வசனம் இருக்கும். போடுறது பிழை இல்லை. அதுக்கும் சேர்த்துத்தான் நாட்கூலி. ஆனால் முந்தியே நீங்கள் எழுதி வைச்ச சொந்த லைப்ரரி அந்த வசனத்துக்குள் விழாமல், அதை ஒரு பட்டியலில் தனியே போட்டுக் குடுக்கச் சொல்லிக் கேளுங்கோ. பெரும்பாலும் சரி எண்டுவினம். கேட்காட்டி யாரும் தாறதில்லை.

அண்ணனோடை, சினேகிதப் பெடியளோடை சேர்ந்து ஏதாவது தொடங்கிறீங்கள் எண்டால், யார் எழுதினது, யார் வாசிச்சது, யாருக்கு எத்தனை வீதம் எண்டு அண்டைக்கே ஒரு தாளில் எழுதுங்கோ. காசு வராத நேரத்தில் அது பத்து நிமிச வேலை. காசு வந்த பிறகு எழுத வெளிக்கிட்டால் என்ன நடக்கும் எண்டதை மேலே வாசிச்சிட்டீங்கள்.

இந்தக் கிழமை ஒரு வேலை செய்து பாருங்கோ. 'அப் அரௌண்ட் த பெண்ட்' பாட்டின் 1970 ரெக்கோர்டிங்கையும் 2025 ரெக்கோர்டிங்கையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கோ. எது பிடிச்சது, ஏன் எண்டு ஒரு வரி எழுதி அனுப்புங்கோ. நல்ல பதில்களை அடுத்த எபிசோட்டில் வாசிப்பம்.

அடுத்த கிழமை கதைப்பம்.